இரண்டாம் செவ்வாயும் 11-ஆம் தேதியும்: கணினிப் புதுப்பிப்பு அறிவிப்புகள் பற்றி ஒரு மதிப்பீடு

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரையின் காலை 10 மணிக்கு வெளியிடுகிறது. 2003 அக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. நமக்கு அப்போது இரவு 10.30 மணி, அங்கே குளிர்காலக் கடிகாரம் ஓடும் மாதங்களில் 11.30. ஆகவே சென்னையில் அந்தச் செய்தி கண்ணில் படுவது புதன்கிழமை காலையில், அலுவலகக் கணினியைத் திறந்துவிட்டு முதல் காப்பியைக் கையில் எடுக்கும் நேரத்தில். இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில் விழும். மாதந்தோறும் கணக்குச் சமர்ப்பிக்கும் வணிகர்களுக்கு, விற்பனை விவரங்களைத் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் கடைசி நாளோ 11-ஆம் தேதி. 2024 செப்டம்பரிலும் 2025 ஜூனிலும் இரண்டாம் செவ்வாய் 10-ஆம் தேதி வந்தது. மறுநாள் புதன்கிழமை புதுப்பிப்பு அறிவிப்பும் படிவக் கெடுவும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்தன.

மேற்கு மாம்பலத்திலும் அதைச் சுற்றியும் உள்ள சிறு அலுவலகங்கள், வீடுகள், ஒன்றிரண்டு டி.டி.பி. கடைகள் ஆகியவற்றின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். ஆடிட்டர் அலுவலகத்தில் விண்டோஸ் 11, திருமணப் புகைப்படக்காரரிடம் மேக், பொறியியல் மாணவர் ஒருவரிடம் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளக் குடும்பத்தைச் சேர்ந்த உபுண்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் பழைய மேசைக்கணினியில் நான் நிறுவிக்கொடுத்த, அதே குடும்பத்து லினக்ஸ் மின்ட், பள்ளிச் சிறுமி ஒருத்தியிடம் கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் என்று ஐந்து வகையும் என் சுற்றுக்குள் இருக்கின்றன. இயங்குதளங்களை ஒப்பிட்டு எழுதுவோர் வழக்கமாக வேகத்தையும் அழகையும் விலையையும் பார்ப்பார்கள். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது அன்று, “தம்பி, ஏதோ அப்டேட் என்று கேட்கிறது, அமுக்கலாமா?” என்பதே. ஆகவே இந்த மதிப்பீடு புதுப்பிப்புகளின் தரத்தைப் பற்றியதன்று. அவை வந்திருப்பதை இயங்குதளம் மனிதரிடம் எப்படிச் சொல்கிறது என்பதைப் பற்றியது மட்டுமே. அதை அளக்க நான் வைத்திருக்கும் அளவுகோலும் ஒன்றுதான்: சொல்லும் நேரத்தை யாருடைய நாட்காட்டி முடிவு செய்கிறது?

புதுப்பிப்பே வேண்டாம், அணைத்துப் போடுங்கள் என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் கதை வானாக்ரை. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கி, 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட அந்த நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. இடையில் 59 நாட்கள் இருந்தன. மருந்து வீட்டு வாசலில் இருந்தும் உள்ளே எடுத்துச் செல்லப்படாத கணினிகளே பெரும்பாலும் மாட்டிக்கொண்டன. அந்த 59 நாட்களில் எத்தனை பேர் ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பொத்தானை அழுத்தியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால், அறிவிப்பு என்பது அலங்காரமன்று, பாதுகாப்பின் கடைசி ஒரு முழம் என்பது புரியும். அந்த ஒரு முழத்தில்தான் எல்லா இயங்குதளங்களும் தடுமாறுகின்றன.

மறுபக்கமும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் திருவல்லிக்கேணியில் ஒரு டி.டி.பி. கடையில், மாலை ஐந்து மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகை திரையில் இருக்க, கடைக்காரர் டீ குடிக்க வெளியே போன பத்து நிமிடத்தில் கணினி தானாகவே மூடிக்கொண்டு ‘அணைக்க வேண்டாம்’ என்ற வாசகத்துடன் முக்கால் மணி நேரம் நின்றது. எந்த இயங்குதளம் என்று சொல்லப்போவதில்லை. அன்று அது, இன்னொரு நாள் வேறொன்று. சேமிக்காத மாற்றங்கள் போயின. மணமகளின் தாத்தா பெயரை மீண்டும் தட்டச்சு செய்தபோது ஓர் எழுத்து மாறியும் போனது. அந்தக் கடைக்காரர் அதன்பின் இரண்டு ஆண்டுகள் இணையக் கம்பியைப் பிடுங்கிவைத்துவிட்டே வேலை செய்தார். 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விண்டோஸ் 7 பயன்படுத்திய 37 பேரை நேரில் கண்டு கேட்டு, அவர்களுடைய கணினிப் பதிவுகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தம் கணினியில் புதுப்பிப்பு எவ்வாறு நடக்கிறது என்று அவர்கள் நம்பியதற்கும் உண்மையில் நடந்ததற்கும் இடையே பெரிய இடைவெளி இருந்ததைக் கண்டார்கள். ஒருமுறை சூடுபட்டவர் அடுத்த முறை எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறார் என்பதற்கு எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை; திருவல்லிக்கேணி போதும்.

முதலில் விண்டோஸை எடுத்துக்கொள்கிறேன். என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அதில்தான் இருக்கிறார்கள். 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தபோது, வீட்டுப் பதிப்பை வைத்திருப்போருக்குப் புதுப்பிப்பை மறுக்கும் உரிமையே ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு அதைவிட மோசமான ஒன்று நடந்தது. பழைய பதிப்பில் இருந்தோரிடம் விண்டோஸ் 10-க்கு மாறச் சொல்லித் தோன்றிய சாளரத்தின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும், குறிக்கப்பட்ட நேரத்தில் மாற்றம் நடந்தே தீரும் என்று 2016 மே மாதத்தில் அமைத்திருந்தார்கள். இருபது ஆண்டுகளாக ‘வேண்டாம்’ என்று பொருள்பட்ட ஒரு குறி, ஓர் இரவில் ‘சரி’ என்று பொருள் மாறியது. கடுமையான எதிர்ப்புக்குப் பின் அதைத் திருத்தினார்கள். விருப்பமில்லாமல் நடந்த மேம்படுத்தலால் தம் வேலை கெட்டதென்று வழக்குத் தொடுத்த கலிஃபோர்னியப் பயண முகவர் ஒருவருக்கு 10,000 டாலர் கொடுக்கவும் நேர்ந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நாம் கதவைச் சாத்தினால், அதை ‘உள்ளே வாருங்கள்’ என்று எடுத்துக்கொள்வதைப் போன்றது அது. பத்து ஆண்டு கடந்தும் சிலர் விண்டோஸின் எந்த அறிவிப்பையும் சந்தேகத்துடனே பார்ப்பதற்கு அந்த மே மாதம் ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். 2018 அக்டோபரில் வெளியான பதிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்ததால் சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டதும் அந்தச் சந்தேகத்துக்கு உரமிட்டது.

பிறகு அவர்கள் திருந்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ எனப்படும் பயன்பாட்டு நேரத்தைக் குறித்துவைத்தால் அந்த நேரத்துக்குள் கணினி தானாக மறுதொடக்கம் ஆகாது. அதை 18 மணி நேரம் வரை நீட்டிக்கலாம். 2019 மே மாதப் பதிப்பிலிருந்து வீட்டுப் பயனர்களும் புதுப்பிப்பை அதிகபட்சம் 35 நாட்கள் நிறுத்திவைக்கலாம். மறுதொடக்கம் பாக்கியிருப்பதை மின் பொத்தானின் மேல் ஒரு சிறு ஆரஞ்சுப் புள்ளியால் காட்டுவதும் அப்போது வந்ததுதான். விண்டோஸ் 11-இல், மறுதொடக்கத்துக்கு ஏறத்தாழ எத்தனை நிமிடம் ஆகும் என்ற மதிப்பீடும் தெரிகிறது. இந்த நிமிடக் கணக்கை நான் மிகவும் பாராட்டுகிறேன். ‘இப்போதா, பிறகா’ என்று கேட்பதற்கு முன் ‘எவ்வளவு நேரம்’ என்பதைச் சொல்வதுதான் மரியாதை; ஆட்டோக்காரரிடம் கூட நாம் அதைத்தான் முதலில் கேட்போம்.

ஆனால் நாட்காட்டி இன்னும் அவர்களுடையதுதான். பயன்பாட்டு நேரம் எல்லாக் கிழமைகளுக்கும் ஒரே மாதிரி. ஆடிட்டர் அலுவலகத்துக்கோ மாதத்தின் முதல் வாரத்தில் மாலை ஆறு மணிக்கு விளக்கணையும், 11-ஆம் தேதியை ஒட்டியும் 20-ஆம் தேதி கட்ட வேண்டிய வரியைச் சொல்லும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி படிவத்தை ஒட்டியும் இரவு பதினொன்று வரை வேலை நடக்கும், ஜூலை இறுதியில் இரவு எது பகல் எது என்றே தெரியாது. 15-ஆம் தேதி வருங்கால வைப்பு நிதி, ஆண்டில் நான்கு முறை அதே தேதியில் முன்கூட்டிய வருமான வரி. இவற்றில் எதையும் கணினி அறியாது. அறிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ‘இந்த மாதம் 12-ஆம் தேதி மாலை செய்’ என்று நான் ஒருமுறை சொன்னால், அடுத்த மாதமும் அதையே நினைவில் வைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு இருந்தால் போதும். பதிவிறக்கம் முடிந்தபின் அந்த ஒரு மறுதொடக்கத்துக்கு மட்டும் நாளும் நேரமும் குறிக்க முடிகிறது; மாதந்தோறும் திரும்ப வரும்படி குறிக்கச் சாதாரணப் பயனருக்கு வழியில்லை. அதனால் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதி நான் போய் ஒரு வாரம் நிறுத்திவைத்துவிட்டு வருகிறேன். அதற்கு எனக்குக் கூலி கிடைக்கிறது என்பது வேறு விஷயம்.

அறிவிப்பின் வாசகத்துக்கும் விண்டோஸுக்கு மதிப்பெண் குறையும். புதுப்பிப்பின் பெயராக ஆண்டும் மாதமும் பதிப்பெண்ணும், கே.பி. என்று தொடங்கும் ஏழு இலக்க எண்ணும் நிற்கும். அது கிட்டங்கியில் மூட்டையின் மேல் ஒட்டும் சீட்டு; வாங்க வந்தவருக்குச் சொல்லும் செய்தியன்று. இதோடு, பெரிய புதுப்பிப்புக்குப் பின் திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு ‘உங்கள் கணினி அமைப்பை நிறைவுசெய்வோம்’ என்ற பெயரில் மேகச் சேமிப்பையும் சந்தாக்களையும் முன்வைக்கும் பக்கம் வேறு. அவசரச் செய்தியையும் விற்பனையையும் ஒரே குரலில் சொல்பவர் நாளடைவில் இரண்டுக்கும் செவிமடுக்க ஆளில்லாமல் போவார். ‘புதுப்பித்து அணை’ என்ற தெரிவை அழுத்தினால் சில கணினிகள் அணையாமல் மீண்டும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் நெடுநாள் பிழை ஒன்றும் இருந்தது. 2025 அக்டோபர் இறுதியில் வெளியான முன்னோட்டப் புதுப்பிப்பில்தான் அதற்குத் திருத்தம் வந்தது. சொன்ன சொல் ஒன்று, செய்த செயல் வேறு என்றால் அறிவிப்பை எப்படி நம்புவது?

மேக் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேல் வலது மூலையில் ஒரு பட்டை நழுவி வரும். நிறுவலாம், அல்லது ஒரு மணி நேரம் கழித்து, இன்றிரவு, நாளை நினைவூட்டு என்ற தெரிவுகளில் ஒன்றை எடுக்கலாம். அமைப்புகள் படத்தின் மேல் சிவப்பு எண் ஒன்று ஒட்டிக்கொள்ளும். நடத்தை கண்ணியமானதுதான். 2014 டிசம்பரில் நேர ஒத்திசைவு நிரலில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்க, ஆப்பிள் முதன்முறையாகப் பயனரைக் கேட்காமலே ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை மேக் கணினிகளுக்கு அனுப்பியது. அந்த அதிகாரம் கையிலிருந்தும் அதை அடிக்கடி பயன்படுத்துவதில்லை. என் குறை ‘இன்றிரவு’ என்ற தெரிவின் மேல். இரவில் மடிக்கணினி மின்னிணைப்பில் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. நம் வீடுகளில் படுக்கப் போகுமுன் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்து வருவது ஒரு சடங்கு. சில அலுவலகங்களில் கடைசியாகப் போகிறவர் மெயினையே இறக்கிவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார். புகைப்படக்காரர் ஒருமுறைக்குப் பலமுறை ‘இன்றிரவு’ என்று அழுத்தியிருக்கிறார். காலையில் எதுவும் நடந்திருக்காது. இதற்கு ஆப்பிளைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ‘மின்னிணைப்பு இருந்தால் மட்டுமே நடக்கும்’ என்பதை அழுத்தும் பொத்தானுக்கு அருகிலேயே பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம். வெளியீட்டுக் குறிப்பிலும் பல முறை ‘முக்கியமான பிழைத்திருத்தங்களும் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் கொண்டது, அனைவருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது’ என்ற ஒரே வாக்கியம்தான் இருக்கும். விவரம் வேண்டுவோர் தனிப் பக்கத்தைத் தேடிப் போக வேண்டும்.

உபுண்டுவின் கதை இந்த விஷயத்தில் மிகச் சுவையானது. இந்தக் கேள்வியை வெளிப்படையாகவே விவாதித்துத் தீர்க்க முயன்ற இயங்குதளம் அது. தொடக்கப் பதிப்புகளில் மேல் பட்டையின் அறிவிப்புப் பகுதியில் ஒரு சிறு சின்னம் தோன்றும். அழுத்தினால் புதுப்பிப்புப் பட்டியல் வரும். 2009 ஏப்ரலில் வந்த 9.04 பதிப்பில் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகப் புதுப்பிப்பு நிர்வாகியின் சாளரமே தானாகத் திறந்து, நாம் வேலை செய்யும் சாளரங்களுக்குப் பின்னால் போய் நின்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் இருந்தால் அன்றாடமும், மற்றவை மட்டும் இருந்தால் வாரம் ஒருமுறையும் என்பது ஏற்பாடு. சின்னங்களின் கூட்டத்தில் இன்னொரு சின்னத்தை யாரும் கவனிப்பதில்லை என்பது வடிவமைப்பாளர்களின் வாதம். கேட்காமல் திறக்கும் சாளரம் இணையத்தின் விளம்பரச் சாளரங்களையும் மோசடிச் சாளரங்களையும் போலவே தெரிகிறது, அதை நம்பிக் கடவுச்சொல் கொடுக்கப் பழக்குவது ஆபத்து என்பது எதிர்த்தோரின் வாதம். பழைய சின்னத்தைத் திரும்பக் கொண்டுவர மறைவான ஓர் அமைப்பையும் விட்டுவைத்தார்கள்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. என்னைக் கேட்டால், தாளத்தில் உபுண்டு சரி, மேடையில் தவறு. அவசரமானதற்கு ஒரு வேகம், அவசரமில்லாததற்கு வேறு வேகம் என்று பிரித்தது மிகச் சரியான முடிவு. நாளிதழைத் தினமும் போடும் பையன் மாத இதழையும் தினமும் வந்து கதவைத் தட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னால் போய் நிற்கும் சாளரத்தால், கண்ணில் படாமலும் இருக்க முடியவில்லை, பட்டவுடன் பயமுறுத்தாமலும் இருக்க முடியவில்லை. போலி அறிவிப்புகளைப் பற்றிய கவலை எவ்வளவு உண்மையானது என்பதை நான் தமிழாசிரியையின் வீட்டில் கண்டிருக்கிறேன். 2020 டிசம்பருடன், உலாவியில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் இயக்கிவந்த ஃபிளாஷ் பிளேயரின் காலம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ‘உங்கள் ஃபிளாஷ் பழையது, உடனே புதுப்பிக்கவும்’ என்று ஓர் இணையதளம் அவரைக் கேட்டது. “டீச்சர், உலாவிக்குள்ளே வருகிற எந்த அப்டேட்டையும் தொடாதீர்கள், கீழே பட்டையிலே கேடயச் சின்னம் போட்டு வருவது மட்டும்தான் உண்மை” என்று சொல்லிவைத்திருக்கிறேன். அறிவிப்புக்கு என்று மாறாத, மற்றவர்களால் போலி செய்ய முடியாத ஓர் இடம் இருந்தால்தான் இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொடுக்க முடியும்.

இன்றைய உபுண்டுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் பெரும்பாலும் பின்னணியில் தாமே நிறுவப்பட்டுவிடுகின்றன. இது 2016-இன் 16.04 பதிப்பிலிருந்து வந்த வழக்கம். அதனால் அறிவிப்புகள் குறைந்தன, நல்லது. ஆனால் 22.04-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ‘ஸ்னாப்’ பொதியாக மட்டுமே தரத் தொடங்கியபின் ஒரு புதிய குரல் கேட்கிறது: உலாவிக்குப் புதுப்பிப்பு காத்திருக்கிறது, இடையூறைத் தவிர்க்க அதை மூடுங்கள், இன்னும் 13 நாட்கள் உள்ளன. மாணவர் என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது: “அண்ணா, 13 நாள் கழித்து என்ன ஆகும்?” அதற்கு அந்த அறிவிப்பில் விடையில்லை. கெடுவைச் சொல்லிவிட்டு விளைவைச் சொல்லாமல் விடுவது நோட்டீஸ் ஒட்டும் முறை. உலாவியை மூடினாலும் அதே கணத்தில் புதுப்பிப்பு நடக்கிறதா என்பதும் நெடுநாள் தெளிவாக இல்லை. மூடித் திறந்தபின் அதே அறிவிப்பு மீண்டும் வந்தால் யாருக்கும் கோபம்தான் வரும்.

இப்போது லினக்ஸ் மின்ட். பணிப்பட்டையின் மூலையில் ஒரு சிறு கேடயம், புதுப்பிப்பு இருந்தால் அதன் மேல் புள்ளி விழும், அவ்வளவுதான். பல ஆண்டுகள் அது அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடக்கமான அந்தக் கேடயத்தைப் பலர் பார்க்கவே இல்லை என்பதையும், நெடுநாளாகப் புதுப்பிக்கப்படாத கணினிகள் நிறைய இருக்கின்றன என்பதையும் 2021-இன் தொடக்கத்தில் அந்தக் குழுவே ஒப்புக்கொண்டு எழுதியது. அதே ஆண்டு ஜூலையில் வந்த 20.2 பதிப்பில் நினைவூட்டல் சேர்க்கப்பட்டது. அதற்கு அவர்கள் வகுத்த கணக்குதான் என்னைக் கவர்ந்தது. ஒரு புதுப்பிப்பு வந்து, பயனர் உள்நுழைந்த நாட்களில் 7 நாட்களோ, நாட்காட்டியில் 15 நாட்களோ கடந்திருந்தால் மட்டுமே அறிவிப்பு தோன்றும். கடந்த 30 நாட்களுக்குள் ஏதோ ஒரு வழியில் அவர் புதுப்பித்திருந்தால் தோன்றாது. ஒருமுறை சொல்லிவிட்டால் 2 நாட்களுக்கு மீண்டும் சொல்லாது. இந்த எண்களை நாமே மாற்றிக்கொள்ளவும் முடியும்.

உள்நுழைந்த நாட்களை எண்ணுவது என்பது சிறிய மாற்றம் போலத் தோன்றும். உண்மையில் நாட்காட்டியையே கைமாற்றும் மாற்றம் அது. தமிழாசிரியை மார்கழியில் கணினியைத் தொடுவதே இல்லை. கச்சேரிக்கும் கோவிலுக்கும் போய்வரவே அவருக்கு நேரம் சரியாக இருக்கும். மற்ற இயங்குதளங்களில் மாதக் கணக்கில் மூடிவைத்த கணினியைத் திறந்தால், பிள்ளையார் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சூழ்ந்துகொள்ளும் பூக்காரிகளைப் போல அறிவிப்புகள் சூழும். மின்ட் அப்படிச் செய்வதில்லை என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. நாட்காட்டியின் 15 நாள் விதி இருப்பதால் தையில் திறந்தவுடன் அதுவும் ஒருமுறை பேசிவிடுகிறது. பாதுகாப்பைக் கருதினால் அது பேசத்தான் வேண்டும். ஆனால் ஒருமுறைதான், கேடயத்தின் அருகில்தான், கணினியைத் தானாக அணைக்கும் மிரட்டல் இல்லாமல்தான். புதுப்பிக்குமுன் டைம்ஷிஃப்ட் என்ற கருவி மூலம் இயங்குதளத்தின் நகலை எடுத்துவைக்கும்படியும் அது வற்புறுத்துகிறது; கெட்டுப்போனால் திரும்பி வர வழியிருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் ஒருவர் ‘நிறுவு’ என்று அழுத்துவார்.

மின்ட்டுக்கும் ஒரு பெரிய குறை உண்டு. அறிவிப்பைத் தொடர்ந்து உள்ளே போனால் வரும் பட்டியல் பொறியாளர்களுக்கானது. நூலகப் பொதிகளின் பெயர்களும் கெர்னல் எண்களும் அடுக்கியிருக்கும் பட்டியலைப் பார்த்து டீச்சர், “இதிலே வினைமுற்றே இல்லையே தம்பி” என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாலும் அது துல்லியமான விமர்சனம். என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், மறுதொடக்கம் வேண்டுமா என்ற மூன்றுக்கும் வினைமுற்று வேண்டும். பொதிப் பெயர்களுக்கு அது கிடையாது.

மொழியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் தமிழ் இடைமுகம் கிடைக்கிறது. உபுண்டுவிலும் மின்ட்டிலும் தன்னார்வலர்கள் செய்த தமிழாக்கம் உண்டு. நம் சென்னையில், தரமணி டைடல் பூங்காவில் இயங்கும் சி-டாக் என்ற மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், இந்திய மொழிகளை முன்வைத்தே வந்தது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து அதுவும் இருந்தது. ஆனால் எந்த இயங்குதளத்திலும், பட்டியலும் பொத்தானும் தமிழில் இருக்க, முக்கியமான அறிவிப்பு வரும்போது பாதி ஆங்கிலமாகிவிடும் அனுபவம் எனக்கு வாடிக்கை. வெளியீட்டுக் குறிப்புகள் மாதந்தோறும் புதிதாக எழுதப்படுபவை என்பதால் மொழிபெயர்ப்பு எட்டிப் பிடிப்பதில்லை. தமிழில் வரும்போதும் ‘மேம்படுத்தல்’, ‘புதுப்பித்தல்’, ‘இற்றைப்படுத்தல்’ என்று ஒரே திரையில் மூன்று சொற்கள் மாறி மாறி வந்தால், மூன்றும் வேறு வேறு வேலைகளோ என்று படிப்பவர் தயங்குவார். ‘அப்டேட்’ என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டாலே பாதித் தயக்கம் போய்விடும்.

குரோம்புக் பற்றி ஒரே பத்தி போதும்; அங்கே பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இயங்குதளத்தின் இரண்டு பிரதிகளை அது வைத்துக்கொள்கிறது. ஒன்றில் நாம் வேலை செய்யும்போதே மற்றொன்று புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த முறை திறக்கும்போது புதியது எழுகிறது. காத்திருப்பு சில நொடிகள். எனவே அறிவிப்பும் கூச்சலிடத் தேவையில்லை. கூகுளின் குரோம் உலாவியிலும் இதே நாகரிகம் உண்டு: புதுப்பிப்பு வந்து 2 நாட்களுக்குள் என்றால் பச்சை, 4 நாட்கள் ஆனால் ஆரஞ்சு, ஒரு வாரம் ஆனால் சிவப்பு. பேசாமலே அவசரத்தின் அளவைச் சொல்லும் முறை; நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்கு மட்டும் பயனில்லை. அந்தச் சிறுமியிடமிருந்து எனக்குப் புதுப்பிப்பு பற்றி ஒரு தொலைபேசி அழைப்பும் இதுவரை வந்ததில்லை.

முற்றிலும் மௌனமாக நடந்துவிட்டால் அறிவிப்பே தேவையில்லையே என்று கேட்கலாம். 2024 ஜூலை 19-ஐ நினைவுகூர வேண்டும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு, யாரையும் கேட்காமல், எந்த அறிவிப்பும் இல்லாமல் இறங்கி, மைக்ரோசாஃப்ட் தந்த கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் பிழை காட்டும் நீலத்திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களிலும் கையால் எழுதிய போர்டிங் பாஸ்களைக் கொடுத்தார்கள். அது விண்டோஸின் சொந்தப் புதுப்பிப்பன்று என்பதைக் குறித்தே சொல்கிறேன். ஆனால் மௌனத்துக்கும் ஓர் எல்லை வேண்டும்: வந்தது என்ன, எப்போது வந்தது என்று பிறகாவது பார்க்க ஒரு பேரேடு வேண்டும். விண்டோஸிலும் மின்ட்டிலும் புதுப்பிப்பு வரலாறு எளிதாகக் கிடைக்கிறது. காலையில் கணினி வேறு மாதிரி நடந்துகொண்டால் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

தரவுச் செலவையும் யாரும் சரியாகச் சொல்வதில்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது கம்பிவழி இணையம் போய், பலர் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி வேலை செய்தார்கள். லினக்ஸில் இணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் என்ற நிரல், இணைப்பு ஆண்ட்ராய்டு கைபேசியிலிருந்து வருகிறது என்பதைத் தானே ஊகித்து அதைத் தரவு வரம்புள்ள (‘மீட்டர்டு’) இணைப்பாகக் கருதும். விண்டோஸில் ‘மீட்டர்டு’ என்ற தெரிவை நாமே இயக்கிவைக்கலாம், இயக்கினால் பெரும்பாலான புதுப்பிப்புகள் இறங்காமல் காத்திருக்கும். இரண்டும் நல்ல ஏற்பாடுகள். இருந்தாலும் ‘இதற்கு இத்தனை ஜி.பி. ஆகும், உங்கள் இணைப்பு கைபேசியுடையது, வைஃபை வந்தபின் செய்யட்டுமா?’ என்று அறிவிப்பிலேயே கேட்கும் இயங்குதளத்தை நான் இன்னும் காணவில்லை.

யாருக்கு எதைப் பரிந்துரைப்பேன் என்று கேட்பவர்களுக்கு: அறிவிப்பின் நடத்தையை மட்டும் பார்த்தால் மின்ட்டுக்குப் பத்துக்கு எட்டு கொடுப்பேன், தொந்தரவே வேண்டாதவருக்குக் குரோம்புக். மேக்குக்கு ஏழு, வாசகத்தைத் திருத்தினால் எட்டு. உபுண்டுவுக்கு ஆறு, அந்த 13 நாள் கெடுவுக்கு விளக்கம் வந்தால் ஏறும். விண்டோஸுக்கு 2016-இல் இரண்டு கொடுத்திருப்பேன். இன்று ஆறு, திரை முழுக்க வரும் விற்பனைப் பக்கத்தை நீக்கினால் ஏழு. ஆனால் ஜி.எஸ்.டி. மென்பொருளும் டேலியும் விண்டோஸில் இருக்கும்வரை ஆடிட்டர் அலுவலகம் எங்கும் போகப்போவதில்லை என்பதால், அங்கே மதிப்பெண்ணால் ஆவது ஒன்றுமில்லை.

அங்கே நடக்கும் ஏற்பாடு வேறு. சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாட்காட்டியில், இளநிலைக் கணக்காளர் பெண் மாதத் தொடக்கத்திலேயே 12-ஆம் தேதித் தாளைத் தூக்கி, நல்ல நேரத்துக்குக் கீழே பச்சை மையால் ‘அப்டேட், மாலை 6.30’ என்று எழுதிவைத்துவிடுகிறார். 11-ஆம் தேதித் தாளைக் கிழித்த மறுநாள் அது தெரிகிறது. ஐந்து கணினிகளையும் வரிசையாகப் புதுப்பித்துவிட்டு, அவை எழுந்து வரும்வரை எல்லோரும் கீழே போய் டீ குடித்துவிட்டு வருகிறார்கள்.